கல் சரி பாப்பா, கல் பதித்த கட்டடம்தான் சரியில்லை

பாப்பா,

நீ அனுப்பிய மோதிரப் படம் வந்தது. அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "வெளிறிப்போய் இருக்கே, ஒரு கெம்பு வாங்கக்கூடாதா" என்றாள். அத்தை, எந்தக் கிரகத்துக் கல் என்று கேட்டாள். எந்தக் கிரகமும் இல்லை, நவரத்தினக் கணக்கிலேயே வராது, 1910-ல்தான் டிஃபனி நகைக்கடையின் கல் நிபுணர் ஜார்ஜ் குன்ஸ், மடகாஸ்கரில் கிடைத்த இந்த ரோஸ் கல்லுக்கு அமெரிக்க வங்கி முதலாளி மார்கனின் பெயரைச் சூட்டி மார்கனைட் ஆக்கினார் என்றேன். முகம் சுளித்தாள். நீ போட்டிருக்கிற மரகதமும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இரண்டும் பெரில் என்கிற கனிம வகை, குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் பச்சை, மாங்கனீசு சேர்ந்தால் இந்த ரோஸ் என்றதும் பேச்சைக் காணோம்.

எனக்குப் பிடித்திருக்கிறது, வாங்கிக்கொள். ஆனால் படத்தில் இருக்கிற மாதிரி வேண்டாம்.

முதலில் அளவு. இந்தக் கல்லில் நிறம் லேசாகத்தான் இருக்கும், சின்னதாக வெட்டினால் அதுவும் தெரியாது, வெறும் கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட கல் வந்தால் விளக்கடியில் பார்க்கவே மாட்டேன், கடை வாசல் நடைபாதையான ஐந்தடிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்து வைத்துப் பார்ப்பேன். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாக் கல்லும் பீச் பழ நிறம்தான். நீயும் கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து பார், கூச்சப்படாதே. சூடு காட்டிய கல்லா என்றும் கேள். மஞ்சள் சாயலை எடுக்க 400 டிகிரி அளவில் சூடாக்குவது வழக்கம், அந்த நிறம் அப்படியே நிற்கும், அதனால் அது குறை இல்லை. ஆனால் மறைத்துப் பேசுகிற கடை வேண்டாம்.

அப்புறம் கட்டடம், அதாவது கல்லைப் பதித்திருக்கிற விதம். நாலு மெல்லிய கொக்கியில் கல்லை உயரத் தூக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகு, வார்டில் நாள் முழுக்க கையுறையைப் போட்டுக் கழற்றுகிற உனக்கு அது ஆகாது. கல்லின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை சொல்கிற மோஸ் அளவில் மார்கனைட் ஏழரையிலிருந்து எட்டு, தூசியில் இருக்கிற மணல் ஏழு, அதாவது நூலிழையில் தப்பிக்கிறது. ரோஸ் நிறத்தில் வருகிற நீலக்கல் வகை, பிங்க் சஃபையர் என்றால் ஒன்பது, அடி தாங்கும், ஆனால் விலையும் அப்படி, அதே அளவுக்கு எடையும் அதிகம், ஒரே காரட் எடைக்கு மார்கனைட்தான் பெரிதாகத் தெரியும். அதனால் கல்லை மாற்ற வேண்டாம், சுற்றிலும் தங்க விளிம்பு வைத்துத் தாழ்வாகப் பதிக்கச் சொல். அடியை மட்டும் திறந்து விடச் சொல், மூடினால் வெளிச்சம் போகாமல் இருக்கிற கொஞ்ச நிறமும் செத்துவிடும். ரோஸ் கோல்டில் செய்தால் நிறம் இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

சோப்பும் கிரீமும் அடியில் படிந்தால் கல் மங்கும், பயந்துவிடாதே, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பின்னால் மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டி வந்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும், உள்ளே நீர்க்குமிழி இருக்கிற கல் சூட்டில் வெடிக்கும்.

விரல் அளவை அனுப்பு. மெல்பர்ன் குளிரில் காலையில் எடுத்தால் சின்னதாகக் காட்டும், சாயங்காலம் வேலை முடிந்து வந்து எடு.

அப்பா