ராஜிக்குக் கருணை மதிப்பெண் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' வீடியோ கேம் பற்றி வாசகர்கள் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் படித்தேன். ஒருவர் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிட்டது, காசு தண்டம் என்கிறார். இன்னொருவர் நம் நாட்டுப் பிள்ளைகள் செய்தது, அதில் போய்க் குறை தேடலாமா என்று கோபித்துக்கொள்கிறார். மூன்றாமவர் துர்க்கையையும் விஷ்ணுவையும் விளையாட்டுச் சாமான் ஆக்கியதே தப்பு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார், அவர் விளையாடிப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. நான் இரண்டு தடவை முழுசாக விளையாடி முடித்தவள், அதனால்தான் இந்தக் கடிதம்.

தம்பி வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது அவனுடைய பழைய எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். ராத்திரி மாமியாரின் சீரியல் எல்லாம் முடிந்த பிறகுதான் டிவி என் கைக்கு வரும். இந்த கேமை வாங்கச் சொன்னதும் அவன்தான், "அக்கா, இது உனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது முதல் பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ராஜி ஒரு சர்க்கஸ் பெண், அவள் தம்பி கோலு பொம்மலாட்டம் காட்டுகிற பையன், ரக்ஷா பந்தன் நாளில் அசுரர்கள் வந்து ஊர்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தம்பியும் போய்விடுகிறான், அக்கா தேடிக் கிளம்புகிறாள். கதை இவ்வளவுதான். எங்கள் வீட்டில் ராக்கி கட்டும் வழக்கம் கிடையாது, பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்கிறதோடு சரி, ஆனாலும் தொண்டையில் ஏதோ அடைத்தது. (கோலு என்றால் இந்தியில் குண்டுப் பையனைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். எனக்கோ அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் நவராத்திரிக் கொலுப்படிதான் ஞாபகம் வந்தது, பையன் பொம்மை ஆட்டுகிறவன் வேறு!)

முதலில் அந்த மூன்றாமவருக்கு. இந்த கேமில் நாம் சாமியை ஆட்டிவைப்பதே இல்லை. நம் கையில் இருப்பது ராஜி மட்டும்தான். துர்க்கையும் விஷ்ணுவும் மேலே இருந்து பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், கதை சொல்கிறார்கள், ஆயுதம் தருகிறார்கள். 2009-ல் ஐதராபாத்தில் செய்த ஒரு ஹனுமான் கேம் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது, ஆடுகிறவன் பட்டனைத் தட்டி ஹனுமானை ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து ஒரு எதிர்ப்பு கிளம்பியது. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் வாதம் என்னவென்றாவது புரிகிறது. ராஜிக்கு அதுகூடப் பொருந்தாது. அப்புறம், சிவன் செய்ததையே திருவிளையாடல் என்று சொல்கிற ஊரில், தெருக்கூத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேஷம் கட்டிக்கொண்டு கிருஷ்ணராக வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, சாமியையும் விளையாட்டையும் சேர்க்காதே என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணுக்கு இந்த கேம் ஒரு விருந்து, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் எழுப்பிய மதில்களும் மாடங்களும், மாலை வெயில் விழுகிற முற்றங்களும் பார்க்க அவ்வளவு அழகு, சண்டையை மறந்து சும்மா நின்றுகொண்டிருந்தேன். இடையிடையே கதை நகர்கிற காட்சிகளை நிழற்பாவை போலச் செய்திருக்கிறார்கள், தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். இசை கிரேக்க நாட்டுக்காரர் லினோஸ் ட்ஸெலோஸ், சொல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள்.

எனக்குள்ள பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது, போன இதழில் எழுதிய யாரும் அதைத் தொடவில்லை. புராணம் இந்த கேமில் காதுக்கு வருகிறது, கைக்கு வருவதில்லை. நடந்துபோகிற வழியில் ஒரு சுவர்ச் சித்திரம் இருக்கும், அதன் முன்னால் போய் நின்றால் தேவர்களில் ஒருவர் கதை சொல்வார், நாம் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்போம், கதை முடியும், நாலு அடி நடந்தால் வாசல் அடைத்துக்கொள்ளும், முந்தின முற்றத்தில் வந்த அதே அசுரர்கள் அதே மாதிரி வந்து அதே மாதிரி அடி வாங்குவார்கள். இப்போது கேட்ட கதைக்கும் இப்போது போட்ட சண்டைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனவர்கள் அந்தச் சுவரை நினைத்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கத்தின் மேல் வில்லோடு அவள் முன்னே பாய்கிறாள், கதாயுதத்தை ஏந்திய எருமைத்தலையன் பின்னே சாய்கிறான், அவ்வளவுதான், சண்டை இந்த நிமிஷம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. அசையாத கல்லிலேயே அதைக் காட்ட முடிந்திருக்கிறது. அசைகிற, நாமே அசைக்கிற ஒரு கேமில் போய்க் கதாகாலட்சேபம் எதற்கு?

இத்தனைக்கும் இது கேமைச் செய்தவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. ராஜி தூணைப் பிடித்துச் சுழன்று சுற்றி நிற்கிறவர்களைச் சிதறடிப்பதும், சுவரில் ஓடி ஏறி அங்கிருந்து எகிறித் திரிசூலத்தோடு இறங்குவதும் அவள் சர்க்கஸில் படித்த பாடம். யாரும் விளக்கவில்லை, நம் விரலுக்கே தெரிகிறது இந்தப் பெண் யார் என்று. அந்த இடங்களில் கேம் பறக்கிறது. வட்டங்களைச் சுழற்றிச் சித்திரம் சேர்க்கிற புதிர்கள் என் ஆறாம் வகுப்பு மகளுக்கே சுலபமாக இருந்தன, விடுங்கள்.

கேமராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கத்திவிடுகிறேன். அவர்கள் வைத்த கோணம்தான், நாம் திருப்ப முடியாது. படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று தூரமாக வைத்துவிட்டார்கள், மேடைக்கும் மேடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட முடியாமல் ஒரே இடத்தில் ஏழெட்டுத் தடவை விழுந்து செத்தேன், மகள் எழுந்து வந்து "ஏம்மா அழறே" என்று கேட்டாள். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மணி நேரம் போதாது என்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு விளையாடுகிறவர்களுக்கு அந்த நீளம் வரப்பிரசாதம். முடிந்த விதம்தான் கோபம். முடிவைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். மகாபலாசுரனிடம் போய்ச் சேருகிறோம் (ஓணத்துக்கு வருகிற மகாபலி வேறு, இவன் வேறு, போன இதழில் ஒருவர் குழப்பிக்கொண்டிருந்தார்), சண்டை நடக்கிறது, அப்புறம் இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பு ஊற்றுவதற்குள் எழுந்திரு என்கிற மாதிரி ஒரு முடிவு. இந்தியாவில் மட்டுமா, வெளிநாட்டில் விளையாடியவர்களும் இதையேதான் புலம்பியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் செய்தது என்று வக்காலத்து வாங்கியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். புனேயில் இருக்கிற நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் சின்ன நிறுவனம்தான். 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 1,20,000 பவுண்டு கேட்டார்கள், சேரவில்லை, ஆனாலும் விடாமல் செய்து 2020 ஆகஸ்டில் முதலில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அக்டோபரில் மற்ற கேம் கருவிகளிலும் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸ் என்கிற உலக அளவிலான கேம் விருதில், சிறந்த அறிமுக கேம் பிரிவில் போட்டிக்கு நின்றது. உலகம் முழுக்க வந்த அறிமுக கேம்களோடு சமமாக வைத்துப் பார்க்கத்தக்கது என்று விருதுக்காரர்களே நினைத்திருக்கிறார்கள், நாம் எதற்கு ஜஸ்ட் பாஸ் மாணவனுக்குப் போடுகிற மாதிரி கருணை மதிப்பெண் போட வேண்டும்? குறை சொன்னதால்தான் 2022-ல் சண்டையையும் வெளிச்சத்தையும் செப்பனிட்டு, இந்தியில் குரலும் சேர்த்து, புதிய பதிப்பை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தந்தார்கள். முதலில் வந்ததில் துர்க்கையும் விஷ்ணுவும் இங்கிலீஷில் பேசியது கான்வென்ட் ஆண்டு விழா நாடகம் மாதிரி இருந்தது, அதையும் யாரோ வாய்விட்டுச் சொல்லித்தானே மாறியது. சீனாக்காரர்கள் தங்கள் புராணக் குரங்கு வீரனை வைத்துச் செய்த 'பிளாக் மித்: வூகோங்' கேம் 2024-ல் வந்து உலகத்தையே கலக்கியதிலிருந்து நாம் எப்போது, நாம் எப்போது என்று கேட்கிறவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. நடுவில் வருகிற ரங்தா நம் புராணத்திலேயே இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரங்தா பாலித் தீவின் சூனியக்காரி. அங்கேயும் ராமாயண மகாபாரதக் கூத்து நடக்கிறது, கோயில் இருக்கிறது, அவர்களும் இந்துக்கள்தான். எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்த பாஸ் சண்டை (பெரிய எதிரியோடு தனியாகப் போடுகிற சண்டை) அவளோடு போட்டதுதான், ஏனென்றால் அவள் கதை எனக்கு முன்கூட்டியே தெரியாது.

அடுத்த பாகத்துக்கு 'ராஜி: கலியுகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்ததும் வாங்கி அனுப்பவா என்று தம்பி கேட்டான். முதலில் நீ விளையாடிப் பார், கேமரா திரும்புகிறதா என்று சொல், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.