ஒரே சங்கம், இரண்டு பந்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விமானிகளின் ஊதிய உயர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெல்டா விமானிகள் 2023-இல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 34 விழுக்காடு உயர்வு பெற்றதையும், அதைக் காட்டியே யுனைடெட், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனங்களின் விமானிகளும் பேரம் பேசியதையும் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருக்கிறார். சங்கம் வலுவாக இருந்தால் எதுவும் முடியும் என்று அவர் முடித்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே சங்கத்துக்குச் சந்தா கட்டி, அதே வண்ணம் பூசிய விமானங்களை ஓட்டி, இந்தச் சலுகைகளின் வாசனைகூடப் படாமல் காலம் தள்ளிய வட்டார நிறுவன விமானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்த விபத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். நம் பத்திரிகைகளில் அது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் என்றே வந்தது. வெளியே எழுதியிருந்த பெயர் அதுதான். ஆனால் அதை இயக்கியது பிஎஸ்ஏ என்ற துணை நிறுவனம். விமானிகள் அந்நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களுக்குத் தனிச் சம்பள விகிதம், தனிப் பணிமூப்புப் பட்டியல். விபத்துக்குக் காரணம் இதுவென்று நான் சொல்ல வரவில்லை. ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதற்காகச் சொன்னேன். அமெரிக்காவின் சிறு நகரங்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட வட்டார நிறுவனங்கள் மட்டுமே பறக்கின்றன. டிக்கெட் விற்பது பெரிய நிறுவனம், பறப்பது இன்னொன்று.

எந்த வேலையை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைப் பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில் உள்ள 'ஸ்கோப்' என்ற பிரிவு தீர்மானிக்கிறது. இன்று மூன்று பெரிய நிறுவனங்களிலும் உச்ச வரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை, அதாவது ஏறத்தாழ 39 டன். அதற்கு மேற்பட்ட விமானத்தைத் தங்கள் பட்டியலில் இருக்கும் விமானிதான் ஓட்ட வேண்டும். பார்க்க நியாயமான வேலி போலத்தான் தெரிகிறது. அதை முற்றிலும் நியாயமற்றது என்று நானும் சொல்ல மாட்டேன். 2001 செப்டம்பருக்குப் பிறகு யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ், டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையாகத் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது, 50 இருக்கையில் நின்ற வரம்பு 70 ஆயிற்று, பிறகு 76 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் பெரிய விமானத்தின் வேலை குறைந்து, மலிவான விமானத்தின் வேலை கூடியது. தம் நாற்காலி பறிபோவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேலி கட்டாமல் என்ன செய்வார்கள்?

என் குறை அவர்கள் எதைச் சுற்றி வேலி கட்டினார்கள் என்பதில்தான். விமானத்தின் அளவைச் சுற்றிக் கட்டினார்கள். ஆட்களைச் சுற்றி, அதாவது அந்த நிறுவனத்தின் பெயரில் பறக்கும் எல்லா விமானிகளையும் ஒரே பணிமூப்புப் பட்டியலுக்குள் கொண்டுவந்து கட்டியிருக்க வேண்டும். விமானிக்குப் பணிமூப்புதான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், கேப்டனா துணை விமானியா, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வீட்டில் இருக்கலாமா என்பது வரை, சேர்ந்த தேதிதான் முடிவு செய்யும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் பதினைந்து ஆண்டு கேப்டனும் கடைசி வரிசையில் போய் நிற்க வேண்டும். அதனால்தான் வட்டார விமானி, சம்பளம் பிடிக்காவிட்டால் கிளம்பிவிட முடியாமல் மாட்டிக்கொள்கிறான்.

நான் வசிக்கும் சின்சினாட்டியில் இது வெறும் வாதமாக இருக்கவில்லை. எங்கள் விமான நிலையம் (ஆற்றைத் தாண்டி கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது, அது வேறு கதை) கோம்ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் தலைமையிடமாக இருந்தது. பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடும் தனி முனையமே அவர்களுக்கு இருந்தது. வட்டார ஜெட் என்ற 50 இருக்கைச் சிறு ஜெட்டை 1993-இல் அமெரிக்காவில் முதலில் ஓட்டியவர்கள் அவர்கள். 1999-இல் டெல்டா அந்த நிறுவனத்தை முழுதாக வாங்க முடிவு செய்தது. கோம்ஏர் விமானிகளும் டெல்டா விமானிகளும் 1931-இல் தொடங்கிய ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனின், அதாவது ஆல்பாவின் உறுப்பினர்கள். இப்போது முதலாளியும் ஒருவர், சங்கமும் ஒன்று, பட்டியலையும் ஒன்றாக்குங்கள் என்று கோம்ஏர் விமானிகள் கேட்டார்கள். சங்கத் தலைமை மறுத்துவிட்டது.

பிறகு 2001 மார்ச் 26 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 89 நாள் ஒரு கோம்ஏர் விமானம்கூடப் பறக்கவில்லை. ஊதியம் உயர்ந்தது, உண்மை. ஆனால் அதே ஆண்டு கோம்ஏர் விமானிகளில் ஒரு பிரிவினர், எங்களையும் டெல்டா விமானிகளையும் சமமாகப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்று தங்கள் சங்கத்தின் மீதே நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சந்தா கட்டும் தொழிலாளி தன் சங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பது சாதாரண விஷயமா? வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. கோம்ஏரும் 2012 செப்டம்பரில் இழுத்து மூடப்பட்டது. வேலை மலிவான நிறுவனங்களுக்குப் போயிற்று. அந்தத் தனி முனையமும் பின்னர் இடிக்கப்பட்டது.

ஒரே பட்டியல் என்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கனடாவைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். 1995-இல் ஏர் கனடா விமானிகளையும் அதன் வட்டார நிறுவனங்களின் விமானிகளையும் ஒரே பட்டியலில் சேர்க்கும்படி நடுவர் மிஷேல் பிஷேர் தீர்ப்பளித்தார். பெரிய விமானிகள் ஏற்கவில்லை. சங்கத்தையே உடைத்துக்கொண்டு வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். 2023 வரை தனியாகவே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் ஆல்பாவில் சேர்ந்தார்கள். ஆக, ஒரே பட்டியல் கேட்டால் சங்கம் உடையும் என்ற பயம் கற்பனையல்ல. ஆனால் உடையாமல் காப்பாற்றிய சங்கத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பந்தியில் ஓரவஞ்சனை நடக்கும்போது பரிமாறுகிறவனும் நம்மவன் என்று ஆறுதல் கொள்ள முடியுமா?

2013-இல் பிஎஸ்ஏ விமானிகள் ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் புதிய பெரிய ஜெட்டுகளைப் பெற்றார்கள். அதே விட்டுக்கொடுப்பை என்வாய் நிறுவன விமானிகளிடமும் கேட்டபோது, 2014 மார்ச்சில் அவர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். அவர்களுக்குக் காட்டிய விமானங்கள் வேறு நிறுவனங்களுக்குப் போயின. பிஎஸ்ஏ, என்வாய் இரண்டும் அமெரிக்கன் குழுமத்தின் சொந்த நிறுவனங்கள், இரண்டிலும் ஆல்பாதான். ஒரே சங்கத்தின் இரு கிளைகளை ஏலத்தில் நிற்க வைத்து, யார் குறைவாகக் கேட்கிறாயோ உனக்கே விமானம் என்று நிர்வாகம் விளையாட முடிந்தது. வரம்புப் பிரிவில் சிக்காமல் இருக்கவே புது நிறுவனம் தொடங்கியவர்களும் உண்டு. டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற வட்டார நிறுவனத்தின் உரிமையாளர்கள் 2005-இல் கோஜெட் என்று ஒன்றை ஆரம்பித்தது அப்படித்தான்.

இந்த வரம்பு விமானத் தொழிற்சாலை வரை போய் இடித்ததையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம். எம்ப்ரேயரின் புதிய ஈ175-ஈ2 எரிபொருளை மிச்சப்படுத்தும் எஞ்சின் கொண்டது, ஆனால் அந்த எஞ்சினின் கனத்தால் 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் வாங்க ஆள் இல்லை, திட்டம் தள்ளிக்கொண்டே போகிறது. மிட்சுபிஷி 2023-இல் தன் ஸ்பேஸ்ஜெட் திட்டத்தையே கைவிட்டது, இந்த எடைக் கணக்கும் அதற்கு ஒரு காரணம். பெரிய வட்டார ஜெட்டுகளின் எண்ணிக்கைக்கும் ஒப்பந்தத்தில் வரம்பு இருப்பதால், யுனைடெட் இன்னும் ஒரு படி மேலே போய், 70 பேர் உட்காரும் ஜெட்டில் 50 இருக்கை மட்டும் வைத்து 2019 முதல் ஓட்டுகிறது. பயணிகளுக்கு அது சொகுசுதான், கால் நீட்டலாம், பெட்டி வைக்கத் தனி அலமாரி உண்டு. தொழிற்சங்க ஒப்பந்தம் ஒன்றால் என் முழங்காலுக்குக் கிடைத்த ஒரே நன்மை!

வட்டார விமானியின் சம்பளத்தை நாடு கவனித்தது ஒரு விபத்துக்குப் பிறகு. 2009 பிப்ரவரியில் கான்டினென்டல் பெயரில் கோல்கன் ஏர் இயக்கிய விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் அளவில் இருந்தது என்றும், பணிக்கு வர நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்தார் என்றும் விசாரணையில் தெரியவந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமாயிற்று.

அதன் பிறகு, கொரோனா காலத்துப் பணி ஓய்வுகளும் சேர்ந்து ஆள் பஞ்சம் வந்தது. 2022-இல் அமெரிக்கன் குழுமத்தின் வட்டார நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் பிஎஸ்ஏவும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் வரை தர முன்வந்தன, அதில் ஒரு பகுதி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு. சங்கம் முப்பது ஆண்டு பேசி வாங்காததைப் பற்றாக்குறை ஒரே கோடையில் வாங்கிக் கொடுத்தது. பற்றாக்குறை தீர்ந்தால் அந்த ஏலம் மறுபடியும் தொடங்காது என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் உத்தரவாதம் இல்லை.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், டெல்டா விமானிகளோடு நின்றுவிடாமல், அதே டெல்டாவுக்குச் சொந்தமான எண்டெவர் ஏர் விமானிகளிடமும் பேசட்டும். அவர்களும் ஆல்பா உறுப்பினர்களே. அந்த 34 விழுக்காட்டில் உங்கள் பங்கு என்ன என்று அவர்களிடமே கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சின்சினாட்டி, ஒஹையோ