காளியின் கடைசி வாக்கியத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கும், பழைய திரைப்படங்களை நேரத்துக்கு ஏற்ப வெட்டி ஒளிபரப்புக்கு அனுப்பும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தாங்கள் ஒளிபரப்பிய ‘முள்ளும் மலரும்’ திரைப்படம் குறித்து நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டு கடிதங்களும் தங்கள் அலுவலகத்தில் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டைகள் என்னிடம் இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. ஆகவே இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. தங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. யாரைக் கேட்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

நடந்தது தங்களுக்குத் தெரியாததன்று. படத்தின் முடிவில், காளிக்குப் பிடிக்காத குமரனோடு நடக்கவிருக்கும் கல்யாணத்துக்காக ஊராரோடு நடந்துபோகும் வள்ளியைக் காளி வழியில் எதிர்கொள்கிறான். அண்ணனைக் கடந்து போனவள் நிற்கிறாள், திரும்புகிறாள், மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு அவனை நோக்கி ஓடிவருகிறாள். அவள் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே சலவைத்தூள் விளம்பரம் வந்தது. அதன் பின்னால் நகைக்கடை வந்தது, சமையல் எண்ணெய் வந்தது. எல்லாம் முடிந்து திரை மறுபடி வந்தபோது அடுத்த நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. வள்ளி அண்ணனிடம் வந்து சேரவே இல்லை. காளி பேச வேண்டியதைப் பேசவும் இல்லை.

சில நிமிடங்கள்தானே போயின என்று தங்களுக்குத் தோன்றலாம். அந்தச் சில நிமிடங்களில் எது போயிற்று என்பதைத்தான், தங்கள் பொறுமையை வேண்டி, விளக்க விரும்புகிறேன்.

1978இல் மகேந்திரன் முதன்முதலாக இயக்கிய இந்தப் படத்தில் காளி எப்படிப்பட்டவன் என்பதை நமக்குச் சொல்வது அவன் முறைப்போ, குடியோ, மேலதிகாரியிடம் காட்டும் துடுக்கோ அல்ல. அவை அவனைப் பற்றி ஊருக்குத் தெரிந்த செய்திகள் மட்டுமே. தாய் தகப்பன் இல்லாமல் தன் கையால் வளர்த்த தங்கைக்கு முன்னால் அவன் எப்படி நிற்கிறான் என்பதில்தான் அவனை நாம் அறிகிறோம். மின்நிலையத்தில் விஞ்ச் என்கிற, கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டியை ஓட்டுகிற அந்த முரடனுக்கு உலகத்தில் ரத்த சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வள்ளி ஒருத்திதான். அவளிடம் அவன் காட்டுகிற அன்பில் பொய் கிடையாது. ஆனால் அந்த அன்புக்குள்ளேயே ‘என்னை விட இவளுக்கு வேறு யாரும் பெரிதாக இருக்கக் கூடாது’ என்கிற பிடிவாதமும் வளர்ந்துகொண்டு வருகிறது. பாசத்தையும் பிடிவாதத்தையும் பிரித்து எடுக்க முடியாதபடி ஒரு மனிதனுக்குள் வைத்துக் காட்டியதுதான் இந்தப் படத்தின் அருமை.

அண்ணன் தங்கை உறவு நம் திரைக்குப் புதிதன்று. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தைப் பார்த்து அழாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. அங்கே அண்ணனும் தங்கையும் ஒருவருக்காக ஒருவர் உருகுகிறார்கள். துன்பம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. காளிக்குத் துன்பம் அவனுக்குள்ளிருந்தே வருகிறது. பொறியாளர் குமரன் கெட்டவர் அல்லர். விதிப்படி வேலை வாங்குகிறவர், வள்ளியை விரும்பியதும் ஒளிந்து திரியாமல் முறையாக வந்து பெண் கேட்கிறவர். லாரி ஏறிக் கை ஒன்றை இழந்து, அதே குமரனால் வேலையையும் இழந்தவன் காளி என்பதால் அவனுடைய வெறுப்பு நமக்குப் புரிகிறது. புரிந்துகொண்டிருக்கும்போதே அவன் செய்கிற காரியம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது: பெண்களிடம் வழிகிற மளிகைக்கடை மாயாண்டிக்கு வள்ளியைக் கொடுப்பதாக முடிவு செய்துவிடுகிறான். உயிரையே வைத்திருக்கிற தங்கையைத் தன் வீம்புக்காகக் கிணற்றில் தள்ளத் துணிகிற அண்ணன் அவன். இதை மறைக்காமல் காட்டியும், அவனை நாம் வெறுத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறார் மகேந்திரன்.

இத்தனையும் வந்து சேர்கிற இடம் அந்த முடிவு. வள்ளி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டவுடன், கல்யாணத்தைத் தடுப்பது அவனுடைய உண்மையான தேவை அல்ல என்று தெரிந்துவிடுகிறது. ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தங்கை தன் பக்கம் வருவாள் என்பதை ஒரு முறை கண்ணால் பார்ப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்த மறு நிமிடமே, யாரும் கெஞ்சாமல், அவளைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைத்துவிட்டு, இப்போதும் தனக்குக் குமரனைப் பிடிக்கவில்லை என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

ஐயா, அந்த வாக்கியத்தைத்தான் தாங்கள் எடுத்துவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் காளி, கடைசி ரீலில் திருந்தி நல்லவனாகிற பல நூறு கதாநாயகர்களில் ஒருவன் ஆகிவிடுகிறான். தாங்கள் ஒளிபரப்பிய அளவில் பார்த்தால் அதுகூட இல்லை. தங்கையின் கல்யாணத்தை மறித்து அவளைத் தன்னிடமே இழுத்துக்கொண்ட சுயநலக்காரனாகவே முடிந்துபோகிறான். அன்று முதன்முறையாகப் பார்த்த ஓர் இளைஞர், தங்கை காதலைத் துறந்து அண்ணனோடு போய்விட்டாள் என்றுதான் நினைத்திருப்பார். படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான கதை அது.

இன்னொரு வெட்டையும் சொல்லியாக வேண்டும். கையை இழந்து வீடு திரும்பும் காளியை வள்ளி எதிர்கொள்ளும் இடத்தையும் அன்று சுருக்கியிருந்தீர்கள். வசனத்துக்கு அங்கே வேலை குறைவு; வள்ளியாக நடித்த ஷோபாவின் முகத்தில்தான் அந்தக் காட்சி நடக்கிறது. பேச்சு இல்லாத காரணத்தால் ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று வெட்டுமேசையில் இருந்தவர் நினைத்தாரோ என்னவோ. வசனம் எழுதிப் புகழ் பெற்ற ஒருவர், தாமே இயக்கும்போது வசனத்தைக் குறைத்துக்கொண்டு பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவையும் இளையராஜாவின் இசையையும் நடிகர்களின் கண்களையும் நம்பி எடுத்த படம் இது. இந்தப் படத்தில் மௌனத்தை வெட்டுவது மற்ற படங்களில் வசனத்தை வெட்டுவதற்குச் சமம்.

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் என் கோரிக்கையின் அவசரம் தங்களுக்குப் புரியாது.

என் அண்ணனுக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். நாள் முழுவதும் கட்டிலில் இருக்கிற அவருக்குத் தொலைக்காட்சி ஒன்றே வெளியுலகம். தாங்கள் வாரம் முழுவதும் இந்தப் படத்துக்கு விளம்பரம் செய்தீர்கள். ஒவ்வொரு முறை அது ஓடும்போதும் இடது கையால் திரையைக் காட்டி எனக்கு நினைவூட்டினார். ஞாயிறன்று சீக்கிரமே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்திவிடச் சொன்னார். படம் வந்த ஆண்டில் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஊர்க் கொட்டகைக்கு அழைத்துப் போனவர் அவர்தான். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து பார்த்தோம். அவருக்குப் படம் முழுவதும் பிடிக்கும் என்றாலும், அவர் காத்திருந்தது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு.

அதற்குக் காரணம் உண்டு. 1984இல் நான் விரும்பியவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றபோது, எங்கள் வீட்டில் குறுக்கே நின்றவர் அண்ணன். ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்திய நாள் இரவு பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே பந்தக்கால் பக்கம் வந்து நின்றார். அதுதான் அவருடைய சம்மதம். என் கணவரை அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடவே பத்து வருடம் ஆகியிருக்கும். ஆனால் என் கணவர் மருத்துவமனையில் கிடந்த பதினேழு இரவுகளும் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் காவல் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். பிடித்துப்போய்விட்டதா என்று அப்போது கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். காளி சொல்லும் அந்த வாக்கியம் எங்கள் இருவருக்கும் சினிமா வசனம் அல்ல.

அன்று விளம்பரங்கள் முடிந்து வேறு நிகழ்ச்சி வந்ததும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சொன்னானா?” என்று கேட்டார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நடுவில் கண் அயர்ந்து தானே தவறவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார். இல்லை, அவர்கள் போடவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. “படம் ஆன்லைன்ல இருக்குமே மேடம், அதுல பார்த்துக்கலாமே” என்றார். பார்த்துக்கொள்ளலாம்தான். செல்பேசித் திரையின் சின்ன உருவங்கள் அண்ணன் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அது ஒரு புறம் இருக்க, வேறு இடத்தில் கிடைக்கிறது என்பது தாங்கள் வெட்டியதற்கு நியாயம் ஆகாது. ‘முள்ளும் மலரும்’ என்று பெயர் சொல்லி, நேரம் சொல்லி, வாரம் முழுவதும் அழைத்தவர்கள் தாங்கள். அழைத்த வீட்டில் முழுச் சாப்பாடு போடுவதுதான் முறை.

விளம்பரம் இல்லாமல் தொலைக்காட்சி நடத்த முடியாது என்பதை அறியாதவள் அல்லேன். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் வரை விளம்பரத்துக்கு விதியே இடம் தருகிறது. அதைத் தாங்கள் பயன்படுத்திக்கொள்வதை யாரும் குறை சொல்லவில்லை. எந்த இடத்தில் போடுகிறோம், எதை எடுத்துவிட்டுப் போடுகிறோம் என்பதில்தான் குறை. படத்தின் பெயர்ப் பட்டியலைப் பாதியில் தாண்டிவிடுகிறீர்கள். மூலக் கதை எழுதிய உமாசந்திரனின் பெயரை இன்றைய பிள்ளைகள் வேறு எங்கே பார்ப்பார்கள்? ‘செந்தாழம்பூவில்’ பாடலை மட்டும் முழுமையாக விடுகிறீர்கள். மகிழ்ச்சி. தயாரிப்பாளர் செலவு செய்யத் தயங்கிய கட்டத்தில் கமல்ஹாசன் பணம் கொடுத்து உதவியதால்தான் அந்தப் பாடலை எடுக்க முடிந்தது என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். அப்படிப் போராடி எடுத்த படத்தின் முடிவை மட்டும் இரக்கமில்லாமல் வெட்டி எறிய எப்படி மனம் வந்தது? நம் மொழியின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’, 1931இல் வந்தது, பிரதியே இல்லாமல் அழிந்துபோயிற்று. அதை மீட்க நம்மால் ஆகாது. பிரதி கையில் இருக்கிற படத்தையும் நாமே துண்டு துண்டாக்கி வீட்டுக்கு வீடு அனுப்பினால், அடுத்த தலைமுறைக்கு எந்தக் காளியைத் தெரிந்திருக்கும்?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் கேட்பது பெரிய காரியம் அன்று. ‘முள்ளும் மலரும்’ படத்தைத் தாங்கள் மீண்டும் ஒரு முறை முழுமையாக ஒளிபரப்ப வேண்டும். கை இழந்த காளியை வள்ளி எதிர்கொள்ளும் காட்சி வெட்டப்படாமல் இருக்க வேண்டும். கல்யாண ஊர்வலம் தொடங்கியது முதல் படம் முடியும் வரை நடுவில் விளம்பரம் வரக் கூடாது. அதற்கான விளம்பரங்களை முன்னாலோ பின்னாலோ சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறோம். காளி அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். அது காதில் விழ வேண்டும். இவ்வளவுதான்.

ஒளிபரப்பும் நாளை இரண்டு நாள் முன்னதாக ஒரு வரியில் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும். அண்ணன் இப்போது பிற்பகலில் நெடுநேரம் உட்கார முடிவதில்லை. காலை வேளை என்றால் நல்லது. பிற்பகல்தான் முடியும் என்றாலும் சரி, நான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஒரு தங்கை