பெட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதே

மில்வாக்கி, அமெரிக்கா
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஐரிஷ் விழா முடிந்து நான்கு நாள் கால் வீக்கம் வடியவில்லை. இன்றைக்குத்தான் மேசை முன்னால் உட்கார முடிந்தது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. அடுப்படிப் பக்கம் போகாதே, மருமகள் பார்த்துக்கொள்ளட்டும்.

கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, "படிப்பகத்து ஆண்டு விழாவை இந்த வருஷத்தோடு விட்டுவிடப் போகிறேன், எடுத்துச் செய்ய ஆள் இல்லை" என்று. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் இருக்கிறது. அதே வாரம்தான் என் பக்கத்து வீட்டு அம்மா தன்னுடைய நோட்டை என்னிடம் கொடுத்தார்.

அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எண்பதைத் தாண்டியவர். இங்கே அயர்லாந்து வம்சாவளியினரின் முதல் ஐரிஷ் விழா 1981-இல் நடந்தபோது எலுமிச்சை ஜூஸ் கடையில் நின்றவர், அதன் பிறகு ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. 2020-இல் கொரோனாவால் மைதானத்தில் விழா இல்லை. விழா நடந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து, தன்னார்வலர் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வேலியருகே வந்து நின்றார். நானும் போய் நின்றேன். இரண்டு பேரும் பேசவில்லை.

விழா ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூன்றாவது வார இறுதியில் நடக்கும், மிச்சிகன் ஏரிக்கரையில். ஏரி என்கிறேனே தவிர அக்கரை தெரியாது, நம் கண்ணுக்குக் கடல்தான். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வேலை செய்கிறோம். ஒரு பக்கம் பிடில், புல்லாங்குழல், பாட்டு. ஒரு பக்கம் சின்னப் பெண்கள் இடுப்புக்கு மேலே அசையாமல் காலால் மட்டும் தாளம் தட்டி ஆடுவார்கள். ஒரு கூடாரத்தில் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தேடிக்கொடுக்கிறார்கள். அங்கேதான் மனிதர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். பவ்ரான் என்று ஆட்டுத்தோல் மத்தளம் ஒன்று உண்டு. ஏரியின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். இந்த வருஷம் ஒரு பையன் மேடை ஏறும் முன் அதை மார்போடு அணைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தேற்றுவது மாதிரி.

எங்கள் வேலை ஞாயிறு காலையில். திறந்தவெளி அரங்கில் திருப்பலி நடக்கும். அதற்கு வருகிறவர்கள் கெட்டுப்போகாத உணவுப் பொருள் ஏதாவது கொண்டுவந்தால் நுழைவுச் சீட்டு வேண்டாம். டின் பீன்ஸ், சூப், பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய் என்று மலைபோலக் குவிந்துவிடும். வாங்கி, தேதி பார்த்து, பிரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, வண்டியில் ஏற்றவேண்டும்.

முதல் வருஷம் நான் ஆர்வத்தில் ஒரு பெட்டியை விளிம்புவரை டின்னாகவே அடுக்கித் தூக்கினேன். அடி கிழிந்து அத்தனையும் உருண்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் குனிந்து பொறுக்கினார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பெட்டியை எடுத்து, அடியில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பாதிவரை டின், அதற்கு மேல் பாஸ்தாவும் சீரியலும் வைத்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம்.

"உனக்கென்னடி அயர்லாந்து சொந்தமா?" என்று நீ ஒருமுறை கேட்டிருந்தாய். நானும் அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் மெஹல் என்று ஒரு ஐரிஷ் சொல் சொன்னார். அறுப்புக் காலத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒருவர் வயலில் இறங்கி முடித்துக்கொடுத்துவிட்டு, அடுத்தவர் வயலுக்குப் போவார்களாம். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. "வயல் யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை" என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

அவருக்கு இந்த விழா ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நான்காவது வருஷம்தான் எனக்குப் புரிந்தது. வேலை முடிந்து ஏரியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். லேடி எல்ஜின் என்ற நீராவிக் கப்பலைப் பற்றிச் சொன்னார். எங்கள் மைதானத்தை ஒட்டி இருக்கிறது தேர்ட் வார்டு. அந்தக் காலத்தில் ஐரிஷ்காரர்களின் பேட்டை. அங்கே அவர்களுக்கு ஒரு தன்னார்வப் படை இருந்தது. மாநில ஆளுநரோடு முரண்பட்டதில் ஆயுதங்களை அரசு பறித்துக்கொண்டது. புதிதாக வாங்கப் பணம் திரட்டத்தான் குடும்பம் குடும்பமாகச் சிகாகோவுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். திரும்பும்போது, 1860 செப்டம்பர் 8 விடியும் முன்னே, மழையில், மரம் ஏற்றி வந்த பாய்க்கப்பல் ஒன்று மோதியது. சுமார் 300 பேர் போய்விட்டார்கள். அந்தப் பேட்டையின் தெருக்களில் இழவு விழாத வீடு குறைவு. அடுத்து 1892 அக்டோபரில் பெரும் தீ. 400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, ஏறக்குறைய 2000 பேருக்கு வீடில்லை. மிஞ்சியவர்கள் நகரத்தின் வேறு வேறு மூலைகளுக்குப் போய்விட்டார்கள்.

"அயர்லாந்தில் வந்த பஞ்சம் எங்களை ஊரைவிட்டுச் சிதறடித்தது, தீ இந்த ஊருக்குள்ளேயே சிதறடித்தது. வருஷத்தில் சில நாள் அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம்" என்றார். ஞாயிறு இரவு, கலைஞர்கள் ஒரே மேடையில் கூடி வாசித்து விழாவை முடிப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'சிதறல்'தான். நான் அதுவரை அதை வெறும் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். நீல அட்டை போட்ட நோட்டு, மூலைகள் மழுங்கியிருக்கின்றன. "கிழக்குக் காற்று அடித்தால் காகிதத்தின் மேல் டின் வை." "கண்ணாடி பாட்டில் தனிப் பெட்டி." "பொருள் கொண்டுவராதவர் முகம் வாடினால் நம் டின்னில் ஒன்றைக் கையில் கொடுத்து வாங்கிக்கொள்." இந்தக் கடைசி வரியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது எனக்கு. எத்தனையோ முறை அவர் காலடியில் இரண்டு மூன்று டின் தனியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று தெரியாது.

மூட்டுவலி தாங்கவில்லை என்று இந்த வருஷம் விட்டுவிட்டார். ஆனால் திடீரென்று விடவில்லை. யோசித்துப் பார்த்தால், போன இரண்டு வருஷமும் ஒவ்வொரு வேலையாக என் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் வண்டி வருகிற நேரத்தை என்னைப் பேசி முடிக்கச் சொன்னார். அப்புறம் ஆட்களைப் பிரித்து நிறுத்துவது. போன வருஷம் காலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயே திறக்கவில்லை. நான் ஒரு இடத்தில் தவறாக வரிசையை வளைத்தபோதும் திறக்கவில்லை. நானே சரிசெய்யும்வரை காத்திருந்தார். எனக்கு ஆள் தேடவில்லையடி அவர். பக்கத்தில் நின்றவளை ஆளாக்கினார்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், இந்த வருஷம் விடாதே. இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள். போன விழாவில் யாரும் சொல்லாமலேயே நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனாள் என்று ஒரு பிளஸ் டூ பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே, அவளைக் கூப்பிடு. பந்தல்காரரிடம் அவளே பேசட்டும். கூடக் குறையப் பேசி ஏமாந்தாலும் பரவாயில்லை. நன்கொடை நோட்டை அவளிடம் கொடுத்து நீ பக்கத்தில் உட்கார். உனக்குப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம், ஹாஸ்டல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அதையும் பழகிக்கொள்.

இந்த வருஷ விழாவின் ஞாயிறு அந்த அம்மா விருந்தாளியாகத்தான் வந்தார். கையில் ஒரு சூப் டின். மற்றவர்கள் மாதிரி வரிசையில் நின்று, முறை வந்ததும் என்னிடம் நீட்டினார். தேதி பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் அன்புத் தோழி