எந்த டிகிரி என்று எழுதுங்கள், ஐயா

நெல்லையில் கட்டமைப்புக் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பேட்டையில் இரும்பு வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்த நடைபாலத்தின் தெற்கு முனையில் அதைத் தாங்கும் அடிமேடை, அதாவது பெடஸ்டல், வெடித்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆய்வுக்கு வந்தீர்கள், படம் எடுத்தீர்கள், 'பட்டறை வேலையில் குறை' என்று கோப்பில் எழுதினீர்கள். அதற்கப்புறம்தான் டிசைன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.

பாலத்தின் நீளம் 40 மீட்டர். வடக்கு முனை அசையாது. தெற்கு முனை நகர வேண்டும், அதற்குத்தான் அடித்தகட்டில், அதாவது பேஸ் பிளேட்டில், போல்ட் நகர நீள ஓட்டை, ஸ்லாட். வெப்ப மாற்றம் 30 டிகிரி செல்சியஸ் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. சரி. ஆனால் மென்பொருள் அச்சிட்ட தாள்களுக்கு நடுவே, ஆல்பா என்ற இடத்தில், அதாவது ஒரு டிகிரி ஏறினால் நீளத்தில் எத்தனை பங்கு கூடும் என்று சொல்லும் வெப்ப விரிவுக் குணகத்துக்கு, 0.0000065 என்று ஓர் எண் நிற்கிறது. பக்கத்தில் அலகு கிடையாது. இரும்புக்கு அது ஃபாரன்ஹீட் டிகிரிக்கான மதிப்பு. செல்சியஸுக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800 கொடுப்பது 0.000012. அந்த மென்பொருள் 0.0000065-ஐயும் செல்சியஸ் 30-ஐயும் வெறும் எண்களாக வாங்கி, நீளத்தோடு பெருக்கிவிட்டது. 14.4 மில்லிமீட்டர் நகர வேண்டிய பாலத்துக்கு 7.8 என்று விடை வந்தது. டிராயிங்கில் 8 மில்லிமீட்டர் நகர இடம் கொடுத்தார்கள். டிராயிங்கில் இருந்தபடியே வெட்டினோம்.

மீதி 6 மில்லிமீட்டருக்கு மேல் எங்கே போகும்? இரண்டு முனையும் கொஞ்சமும் அசையாமல் பிடிக்கப்பட்டால், ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்புக்குள் தகைவு, அதாவது உள்ளழுத்தம், சதுர மில்லிமீட்டருக்கு 2.4 நியூட்டன் கூடும். போல்ட் ஸ்லாட்டின் ஓரத்தில் முட்டிய பிறகு அந்த விசை பெடஸ்டலைத்தான் தள்ளியது.

ஸ்லாட் வெட்டிய தம்பியை, ஆய்வு நாளில் அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, "ஒரு ஓட்டைய ஒழுங்காப் போடத் தெரியாதால ஒனக்கு?" என்று கேட்டார்கள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. டேப்பைப் பிடித்து அளந்து காட்டினான். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் பில் நிற்கிறது, அதைக்கூடச் சமாளித்துக்கொள்வேன். ஆனால் அவன் இப்போது எதை வெட்டுவதற்கு முன்னாலும் டிராயிங்கில் என் கையெழுத்தைக் கேட்கிறான். அவ்வளவு நல்ல கைக்காரனை இப்படிப் பயந்தவனாக ஆக்கிவிட்டீர்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் வெப்ப விரிவுக் குணகம் எவ்வளவு, எந்த டிகிரிக்கு, எந்த வெப்பநிலையிலிருந்து மாற்றத்தைக் கணக்கிட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மார்கழிக் காலையில் மாட்டிய பாலமும் அக்னி நட்சத்திர மதியத்தில் மாட்டிய பாலமும் ஒரே நிலையிலிருந்து தொடங்குவதில்லை. இது எழுதப்படாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். எந்த ஜல்லி என்பதைப் பொறுத்துக் குணகம் மாறும் என்று கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456 பட்டியலே போட்டிருக்கிறது. கிரானைட் ஜல்லி என்றால் டிகிரி செல்சியஸுக்கு 0.000007 முதல் 0.0000095 வரை, குவார்ட்சைட் என்றால் 0.000012 முதல் 0.000013 வரை. எந்தக் குவாரி ஜல்லி என்று கேட்காமலே, மென்பொருளில் ஏற்கனவே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். போன வேலையின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, ஓடவிட்டு அச்செடுத்தால் புது ரிப்போர்ட் ஆகிவிடுகிறது. பயிற்சி மையங்களிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நாற்பது மீட்டரை முப்பது டிகிரியாலும் குணகத்தாலும் ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதாதா? ஏதாவது கேட்டால் 'சாஃப்ட்வேரில் பாஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள். பாலத்தின் மேல் நடந்து போவது மனிதர்கள், ஐயா.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி கேட்கிறேன்: குணகமும் அலகும் தொடக்க வெப்பநிலையும் முதல் பக்கத்தில் வர வேண்டும். அப்புறம், கோப்பில் 'பட்டறை வேலையில் குறை' என்று எழுதிய வரியை, ஸ்லாட்டை நேரில் அளந்து பார்த்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். அந்தத் தம்பியையும் வரச் சொல்கிறேன். டேப்பை அவனே பிடிக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
பேட்டை இரும்புப் பட்டறைக்காரன்