வேட்டைப் பண்ணை வந்தால் வயல் தப்புமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் எல்லைக் கிராமங்களிலும் யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்கும் காலம் வந்தால் ஒவ்வொரு யோசனையாகக் கிளம்பும். இப்போது காதில் விழுவது வேட்டைப் பண்ணை. தென்னாபிரிக்காவிலும் டெக்சாசிலும் இருப்பதுபோல ஒரு பெரிய காட்டுக்காணியை அடைத்து, சொகுசு விடுதி கட்டி, டொலர் கொடுத்துச் சுட வருபவர்களைக் கூட்டிவந்தால் காசும் வரும், வயலும் தப்பும் என்கிறார்கள். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. போகம் முழுக்கப் பரணில் கண்விழித்தவருக்கு எந்த வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பண்ணையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால், நமது வயலைக் காக்கும் பகுதி அதில் எதுவுமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொன்று இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லவே இக்கடிதம்.

அந்தத் தொழிலின் அடித்தளம் துவக்கு (துப்பாக்கி) என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலிதான். தென்னாபிரிக்காவில் 1991இல் வந்த வனவிலங்குத் திருட்டுச் சட்டத்தின்படி, போதிய வேலி உண்டு என்று அதிகாரிகள் சான்றிதழ் கொடுத்த காணிக்குள் நிற்கும் விலங்கு காணிக்காரரின் சொத்து. வேலியைத் தாண்டி ஓடினாலும் அவருடைய உரிமை போகாது. ஆகவே மாட்டுப்பட்டியை எண்ணுவதுபோல மானை எண்ணலாம், வாங்கலாம், விற்கலாம், ஆளுக்கு இன்னதென்று சுடவும் விடலாம். அந்த வேலி சாதாரண வேலியன்று. கூடு, ஈலண்ட் போன்ற பெரிய மான்கள் பாயாதிருக்க 2.4 மீற்றர் உயரம், ஏறக்குறைய 20 வரிசைக் கம்பி. காட்டெருமையோ சிங்கமோ உள்ளே நின்றால் மின்கம்பியும் சேர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆள் நடந்து பார்க்க வேண்டும். அங்குள்ள காட்டுப்பன்றி அடியில் குழிதோண்டி வழி வைத்துவிடும்.

நிலத்தை ஒட்டி ஓடும் மின்கம்பி செய்யும் தீங்கை நமது ஊரில் பேசுவாரில்லை. அழுங்கு, அதாவது செதிலுடைய எறும்புதின்னி, அந்தக் கம்பியில் பட்டதும் ஓடாது, சுருளும். கம்பியையே அணைத்துச் சுருண்டு, துடிப்புக்குத் துடிப்பு அடிவாங்கிச் சாகும். ஆமையும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கும், நகராது. தென்னாபிரிக்காவில் இப்படிச் சாகும் ஊர்வனவும் அழுங்குகளும் ஏராளம். நமது காட்டிலும் அழுங்கு உண்டு, நட்சத்திர ஆமை உண்டு. அவற்றின் பழக்கமும் இதேதான். இன்னொன்று, கள்ள வேட்டைக்காரருக்குச் சுருக்குக் கம்பி அந்த வேலியிலிருந்தே கிடைக்கிறது. வேலி நீளமானால் கம்பியும் தாராளம்.

சரி, அப்படியொரு வேலி போட நமக்குக் காணி எங்கே? அங்கே ஐயாயிரம் ஹெக்டேயர் பண்ணை அதிசயமில்லை. அது 12,000 ஏக்கருக்கு மேல். இங்கே 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவருக்கு வயற்காணியில் 25 ஏக்கர், மற்றக் காணியில் 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியிருக்கிறது. லாகுகல தேசிய பூங்காவே 1,554 ஹெக்டேயர்தான். ஆகவே பண்ணை என்று ஒன்று வந்தால் அது அரச காணியில், நீண்டகாலக் குத்தகையில்தான் வரும். அரச காணி என்றால் மாடு மேயும் தரை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மிஞ்சிய தரையையும் கம்பிக்குள் வைத்தால் பட்டிக்காரர் மாட்டை எங்கே ஓட்டுவது?

யானைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் எண்ணப்பட்டவை 5,879 யானைகள். அவற்றுள் தந்தமுள்ள கொம்பன்கள் 122. யானை நடமாடும் நிலத்தில் 69.4 வீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்பது 2021இல் வெளியான ஆய்வின் கணக்கு. மாதுறுஓயா, கல்லோயா வனங்களில் நிற்கும் யானை அங்கேயே நிற்பதில்லை. நீருக்கும் புல்லுக்கும் ஏற்ப இடம் மாறும். பழகிய பாதையில் திரும்பி வரும். அந்தப் பாதையின் நடுவே பண்ணை வேலி வந்தால் யானை வேலியைச் சுற்றி நடக்கும். சுற்றினால் வருவது கிராமம்.

பணம் கொடுத்துச் சுட வருபவர் எதைச் சுட விரும்புவார் என்பதையும் யோசிக்க வேண்டும். வயலை அழித்த யானையைத் தேடி அவர் கடல் தாண்டி வரமாட்டார். அவருக்கு வேண்டியது சுவரில் மாட்டும் தந்தம், அதாவது அந்த 122இல் ஒன்று. பன்றியிலும் இதே கதை. அவர் பணம் கொடுப்பது பெரிய கோரைப்பல் வைத்த கிழட்டு ஆண்பன்றிக்கு. வயலை உழுது போடுவதோ குட்டிகளோடு திரியும் பெட்டைப்பன்றிக் கூட்டம். ஒரு ஆண்பன்றி போனால் அடுத்த ஆண்பன்றி அந்த இடத்துக்கு வரும், அடுத்த போகத்தில் குட்டி குறையாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையே மாற்றி யானை, மரை, புள்ளிமான் என்று எல்லாவற்றையும் துவக்குக்குத் திறந்துவிட்டால்கூட, வயற்காரருக்கு நட்டம் குறையப் போவதில்லை.

இனி அந்தப் பண்ணையில் வேட்டை நடக்கும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இதற்குள்தான் இருக்கிறது.

வந்திறங்கிய விருந்தாளியை நேரே காட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. முதலில் 100 மீற்றரில் அட்டை வைத்து மூன்று வெடி. விமானப் பயணத்தில் துவக்கின் குறிநோக்கி அசைந்திருக்கும். நான்கு விரற்கடை விலகல் அங்கே வெறும் விலகல், காட்டில் அது வயிற்றில் பட்ட ரவை (தோட்டா). பிறகு முக்காலித் தடியில் துவக்கை வைத்து நின்றபடி சுடப் பழக்குவார்கள், உயரப் புல்லுக்குள் படுத்துச் சுட முடியாதாகையால். காட்டெருமைக்குப் பல நாடுகளில் .375 விட்டத்துக்குக் குறைந்த துவக்கு சட்டப்படியே கூடாது.

காட்டில் முன்னால் நடப்பவர் அடி பார்ப்பவர். கையில் சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பை. நொடிக்கொரு தரம் தட்டிப் பார்ப்பார். சாம்பல் போகும் பக்கம் விலங்கு நின்றால் சுற்றிப் போக வேண்டியதுதான். எந்த விலங்கைச் சுடலாம் என்று முடிவெடுப்பவர் வழிகாட்டி. காட்டெருமையின் நெற்றியில் இரு கொம்பும் சேரும் இடம் மயிரில்லாமல் கல்லுப்போல இறுகியிருந்தால் அது வயது போன ஆண். அந்த இடம் இன்னும் மென்மையாக இருந்தால் இளந்தாரி, இனம் பெருக்க வேண்டியது. அதைச் சுட விட்டால் பழி வழிகாட்டியின் தலையில். பிறகு ரவை பட வேண்டிய இடம். விலங்கு குறுக்காக நிற்கையில் முன்னங்காலின் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. ஆபிரிக்க மான்களின் இருதயம் முன்னோக்கியும் தாழ்ந்தும் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் சுடப் பழகி வந்தவர்கள் அங்கே செய்யும் முதற்பிழை இதுதான். ரவை குடலில் போகும்.

வெடி தீர்ந்ததும் ஓடிப்போவதில்லை. இரத்தத்தைப் பார்ப்பார்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், சிறிது நேரத்தில் விழுந்துவிடும். கருஞ்சிவப்பு ஈரல். பச்சையாக இரைப்பை நீர் கலந்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடனே துரத்தினால் காயத்தோடு மைல் கணக்கில் ஓடும். விழுந்து கிடப்பதன் பின்புறமாகப் போய், தடியால் கண்ணைத் தொட்டு, இமை ஆடாவிட்டால்தான் கைவைப்பார்கள். முக்கியமான விதி ஒன்று: ஒரு துளி இரத்தம் விழுந்தாலே முழுக் கட்டணம், விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இம்பாலா மானுக்குச் சில நூறு டொலர், காட்டெருமைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். காயப்பட்டதைத் தேடிப் பிடிக்கும் வரை வழிகாட்டியின் வேலை முடிவதில்லை. அதன்பின் தோல் உரிப்பவர். தலையை மாட்டுவதென்றால் தோளுக்குப் பின்னால் வளையமாகக் கீறி உரித்து, உதடும் காதும் உள்பக்கம் திருப்பி, அன்றே உப்பில் புதைப்பார். சுணங்கினால் சூட்டில் மயிர் கழன்றுவிடும். இறைச்சி நிறுத்துக் குளிரறைக்குப் போகும், கணக்கில் ஏறும்.

இந்தத் தொழிலால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூறுக்கும் குறைவாக எஞ்சியிருந்த தென்னாபிரிக்க வெள்ளைக் காண்டாமிருகம் பெருகியதில் தனியார் காணிகளுக்கும் பங்குண்டு. நமது இலக்கியத்தில் இரலை என்று வரும் புல்வாய் மானை 1932இல் டெக்சாசுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்; இன்று அது அங்கே ஆயிரக்கணக்கில் மேய்கிறது. அதே தொழிலின் கேடும் தெரிந்ததுதான். கூட்டில் வளர்த்த சிங்கத்தைச் சின்ன அடைப்புக்குள் விட்டுச் சுட வைத்தார்கள். 2015இல் சிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் அம்பு பட்டுப் பல மணிநேரம் காயத்தோடு திரிந்த பிறகே கொல்லப்பட்டது. ஊருக்குக் காசு போகும் வழியும் ஒன்று இருக்கிறது: பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் ஆட்டுக்கு ஆண்டுக்குச் சில அனுமதிகள் மட்டும் ஏலம் போகின்றன, பணத்தில் 80 வீதம் அந்தந்த ஊருக்கு. அங்கே தனியார் வேலி இல்லை. ஆனால் அது ஆளில்லாத மலைச்சரிவில் நிற்கும் ஆடு. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் யானை இல்லை.

இப்போது நமது காட்டைப் பாருங்கள். இங்கே வேட்டை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கயிறு தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு இருக்கிறது, சுருக்கு இருக்கிறது, தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடி இருக்கிறது. அந்தப் பண்ணையில் எது சுடப்படுகிறது என்று பார்த்துத் தீர்மானிக்க ஒரு மனிதர் நிற்கிறார். கட்டுத்துவக்கில் யாருமில்லை. கயிற்றில் தட்டுவது பன்றியா, மாட்டுக்காரப் பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் அதில் அகப்பட்டவர்களின் காயம் பெரும்பாலும் முழங்காலிலும் தொடையிலும். வாய்வெடி இன்னும் கொடியது. பன்றிக்கு வைத்த தீனியை யானைக்கன்று கடிக்கும். தாடை பிளக்கும், நாக்குக் கிழியும். உடனே சாகாது. பசியோடு தண்ணீர்க்கரையில் நின்று, வாயில் புழு வைத்து, நாள்கணக்கில் மெலிந்து விழும். காயப்படுத்தியவரே பொறுப்பு என்ற விதி டொலருக்காக அங்கே வந்தது என்றாலும், இங்கே நமக்கு வேண்டியது அந்த விதிதான். வாய்வெடி வைப்பவரை ஊருக்குத் தெரியும். ஊர் வாய்திறக்க வேண்டும்.

வேலியில் அவர்கள் காட்டும் கவனமும் நமக்கு வேண்டும். நமது யானைவேலிகள் பலவற்றில் இரண்டு பக்கமும் யானை நிற்கிறது, காரணம் வேலி திணைக்கள எல்லையில் போடப்பட்டிருக்கிறது, வயலின் விளிம்பில் போடப்படவில்லை. போட்ட வேலியையும் கவனிப்பாரில்லை. மாரியில் கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் புல்வழியே நிலத்துக்கு இறங்கிவிடும். சிறுபோகத்தில் நிலம் காய்ந்தால் நிலத்தொடுப்புக் கம்பி வேலை செய்யாது. யானையின் கால் வழியே சுற்று முழுமையடையாததால் அடி விழாது. துத்தநாகம் பூசிய இரண்டு மீற்றர்க் கம்பி குறைந்தது மூன்று, ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் தள்ளி, ஈரம் காயாத குளக்கட்டின் அடியில் இறக்கப்பட வேண்டும். அளவு மானியில் 6,000 வோல்ற்றுக்கு மேல் காட்ட வேண்டும். பாதியாக இறங்கிவிட்டால் யானை அதைப் பொருட்படுத்தாது. வேலி நலிந்ததும் சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கொடுத்துவிடுகிறார்கள். சரியான வேலியில் அடி நொடிக்கொரு துடிப்பு, சுரீரென்று விட்டுவிடும். வீட்டு மின்சாரம் விடாது. யானையும் சாகும், விடியலில் தண்ணீர் பார்க்கப் போனவரும் சாவார்.

ஆகவே வேட்டைப் பண்ணைக்கு மனு எழுதும் கைகள் இதற்கு எழுதட்டும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிப்பதுபோல வேலிக்கும் நாள் குறிக்க வேண்டும். எந்தக் கிலோமீற்றரை எந்தக் கண்டத்தார் (வயற்பகுதியினர்) நடப்பது, அளவுமானி யாரிடம் இருப்பது, வாரம் என்ன அளவு காட்டியது என்று வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையின் கொப்பியில் ஏற வேண்டும். வேலியை வட்டையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வனஜீவராசிகள் திணைக்களமும் கமநல சேவைத் திணைக்களமும் சேர்ந்து அனுமதியும் உபகரணமும் தர வேண்டும். கழற்றினால் யானை தாள்க்கட்டையை மேய்ந்துவிட்டுப் போகும், மாட்டுக்கும் வழி திறக்கும். விதைப்புக்கு முன்னரே இது நடந்தாக வேண்டும். கதிர் தள்ளிய பிறகு கம்பி வாங்கி என்ன பயன்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உன்னிச்சை, மட்டக்களப்பு.