தோல்வி காணாதவர் என்பதே ஒரு தகுதியாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த இளம் குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையையும், அதை மறுத்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கட்டுரையாளர் அவரைக் கிழக்கின் ஒலிம்பிக் நம்பிக்கை என்று வர்ணித்திருந்தார். வாசகரோ, அவர் தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறார் என்றும் கொழும்பில் ஒரு சுற்றுக்கூடத் தாக்குப்பிடிக்கமாட்டார் என்றும் எழுதியிருந்தார். இருவரும் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்திருந்தாலும் இருவரும் கையிலெடுத்த சான்று ஒன்றுதான்: இளைஞர் இதுவரை தோற்கவில்லை, வெற்றிகளிற் பெரும்பாலானவை முதற் சுற்றிலேயே கிடைத்திருக்கின்றன. ஒருவர் அதை நம்புகிறார், மற்றவர் நம்பவில்லை. அந்தச் சான்று எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று இருவருமே கேட்கவில்லை. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், மாவட்ட, மாகாண மட்டப் போட்டிகளில் மேடையோரத்தில் அமர்ந்து புள்ளியிட்டவன் என்ற முறையிலும் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். இளைஞரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அவருக்கு வயது பதினெட்டுத்தான்.

முதலில் அந்தத் தோல்வியற்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் மாவட்ட மட்டப் போட்டி என்றால், சில எடைப் பிரிவுகளில் இரண்டு அல்லது மூன்று பேரே பெயர் கொடுப்பார்கள். ஆதலால் முதற் போட்டியே இறுதிப் போட்டியாகிவிடுவதுண்டு. எதிராளி எடை பார்க்கும் நேரத்துக்கு வந்து சேராவிட்டால், கையுறை மாட்டாமலே ஒரு வெற்றி கணக்கில் ஏறிவிடும். இவையெல்லாம் கழகத்தின் பதிவேட்டில் வெறும் 'வெற்றி' என்றே எழுதப்படுகின்றன. அந்தப் பதிவேட்டையே ஆதாரமாகக் காட்டி அதே கழகத்தின் பயிற்றுவிப்பாளர் பேட்டி கொடுப்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'நொக் அவுட்' என்ற சொல்லால் வருகிறது. தங்கள் கட்டுரையும் அதைத் தாராளமாகவே பயன்படுத்தியிருந்தது. பணத்துக்காக அல்லாமற் பதக்கத்துக்காக ஆடும் அமெச்சூர் குத்துச்சண்டையில், அதிலும் இளையோர் பிரிவுகளில், போட்டி ஒருதலைப்பட்சமாகப் போகிறது என்று கண்டால் நடுவர் இடையிலேயே நிறுத்திவிடுவார். நிறுத்துவதுதான் அவருடைய கடமையும்கூட. அடி விழுந்து, பத்து எண்ணி முடியும்வரை எழ முடியாமற் கிடப்பவன் வேறு. தலைக்கவசம் கண்ணுக்கு மேல் நழுவி, மூக்கிலிருந்து இரத்தம் வழிய, வாழ்க்கையின் முதற் போட்டியில் என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றபடியே இருக்கும் பதினாறு வயதுப் பையன் வேறு. இரண்டாமவனை நடுவர் அணைத்துக் கூட்டிச்சென்று மூலையில் உட்கார வைக்கிறார். மறுநாள் பத்திரிகையில் அது 'அதிரடி நொக் அவுட்' ஆகிவிடுகிறது. வென்றவரின் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அந்தப் போட்டியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

தொழின்முறைக் குத்துச்சண்டையில் இது இன்னும் திட்டமிட்டே நடக்கிறது. இளம் வீரருக்கு யாரை எதிராளியாகப் போடுவது என்று தீர்மானிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கு இருக்கிறார்கள். நியூயோர்க்கைச் சேர்ந்த எட்கார் பெர்லாங்கா தமது முதல் 16 போட்டிகளையும் முதற் சுற்றிலேயே முடித்தார். அந்தக் காலத்தில் அவரைப் பற்றி எழுதப்படாத புகழுரை இல்லை. 2021 ஏப்ரலில் டெமொண்ட் நிக்கல்சன் என்பவர் எட்டுச் சுற்றுகளும் அவரெதிரே நின்று காட்டினார். அதையும் சேர்த்துத் தொடர்ச்சியாக ஐந்து போட்டிகளில் அவரால் நொக் அவுட் இன்றிப் புள்ளிகளிலேயே வெல்ல முடிந்தது. அவற்றுள் ஒன்றில் பெர்லாங்காவே தரையில் விழுந்து எழுந்தார். 2024 செப்டெம்பரில் மெக்சிக்கோவின் சம்பியன் கனெலோ அல்வாரெஸிடம் முதன்முறையாகத் தோற்றபோதும் பன்னிரண்டு சுற்றுகளையும் நின்றே முடித்தார். ஆகவே அவர் திறமையற்றவர் அல்லர். அந்தப் பதினாறு முதற்சுற்று வெற்றிகள் அவரைப் பற்றிச் சொன்னதைவிட அவருக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியே அதிகம் சொல்லின என்பதுதான் விடயம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். உக்ரைனின் வாசில் லொமசெங்கோ 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். அமெச்சூர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தோற்றவர். அப்படிப்பட்டவர் தமது இரண்டாவது தொழின்முறைப் போட்டியில், 2014 மார்ச்சில், ஓர்லாண்டோ சலிடோ என்ற அனுபவசாலியிடம் புள்ளிகளில் தோற்றார். அன்றைய கணக்கின்படி ஒரு வெற்றி, ஒரு தோல்வி. கணக்கை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் எங்கள் இளைஞரை அவருக்கு மேலே வைக்க வேண்டியிருக்கும்! அடுத்த போட்டியிலேயே லொமசெங்கோ உலகப் பட்டத்தை வென்றார். நீண்டகாலம் நடுத்தர எடையில் சம்பியனாக இருந்த பெர்னார்ட் ஹொப்கின்ஸ் தமது முதல் தொழின்முறைப் போட்டியிலேயே தோற்றவர் என்பதையும் இங்கு சொல்லிவைக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்த்து மதிப்பிடுவது? அடிக்கும்போது எல்லாரும் அழகாகத்தான் தெரிவார்கள். அடி வாங்கிய அடுத்த பத்து விநாடிகளில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். இந்த இளைஞர் ஆடிய மாகாண மட்டப் போட்டியொன்றை மேடைக்கு மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருடைய இடக்கை ஜப், அதாவது முன்கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து, உண்மையிலேயே நல்ல ஜப். தோளிலிருந்து நேராகப் போய் நேராகவே திரும்பி வருகிறது. எடைக்கு மிஞ்சிய உயரமும் நீண்ட கையும் இருப்பதால் எதிராளி கிட்ட வருமுன்பே இரண்டு தடவை முகத்தில் வாங்கிவிடுகிறார். ஆனால் ஜப் போகும்போது வலக்கை தாடையை விட்டு இறங்கி நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றில், குள்ளமான அந்த எதிராளி ஒருமுறை ஜப்புக்கு அடியிற் குனிந்து, அந்த இடைவெளிக்குள், பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் இடக்கை ஹூக் ஒன்றைச் செலுத்தினார். பெரிய அடி அல்ல. எனினும் எங்கள் இளைஞர் கயிறு முதுகில் படும்வரை நேர்கோட்டிலேயே பின்வாங்கினார். பக்கவாட்டில் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. முகத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். எதிராளிக்கு அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை. தெரிந்த ஒருவராக இருந்திருந்தால், அன்றே அந்தத் தோல்வியற்ற கணக்கு முடிந்திருக்கும்.

இது திருத்த முடியாத குறையன்று. பயிற்றுவிப்பாளர் ஒருவர் நாள்தோறும் கூடவிருந்து அந்த வலக்கையைத் தாடையிற் பிடித்து வைத்தால் சில மாதங்களிற் சரியாகும். ஆனால் அந்தக் குறையை வெளியே கொண்டுவரக்கூடிய எதிராளி கிடைக்காதவரை, திருத்த வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராது. வெல்கிற கையை யார்தான் மாற்றுவார்கள்?

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில் உடல் முந்தி வளர்ந்த பையன், அதே எடையில் இருக்கும் வளராத பையன்களை வெறும் பலத்தினாலேயே வென்றுவிடுவான். அந்த வயதில் சுற்று ஒன்று இரண்டு நிமிடம் மட்டுமே என்பதால் மூச்சு வாங்குவதும் வெளியே தெரியாது. பதினேழில் மூன்று நிமிடச் சுற்றுகள் தொடங்குகின்றன. பத்தொன்பதில் மூத்தோர் பிரிவு வந்துவிடுகிறது. அங்கே ஆண்களுக்குரிய தலைக்கவசத்தை உலகக் குத்துச்சண்டை அமைப்பு 2013 இலேயே எடுத்துவிட்டது. மற்றவர்களும் அதற்குள் வளர்ந்துவிட்டிருப்பார்கள். முன்பு பலத்தால் வென்றவரிடம் வேறு என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும். எங்கள் இளைஞர் அந்தப் படிக்கட்டுக்கு இன்னும் வரவே இல்லை. ஆகையால் அவர் மிகையாகப் புகழப்படுகிறாரா என்ற கேள்விக்கு என் விடை: புகழ்ச்சி நிச்சயமாக மிகை, வீரர் மிகையா என்பது இன்னும் தெரியவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு.

கொழும்பில் ஒரு சுற்றும் நிற்கமாட்டார் என்று எழுதிய வாசகருக்கு அமீர் கானை நினைவூட்டுகிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் வெள்ளிப் பதக்கம் வென்று, பின் தொழின்முறைக்கு மாறி, தொடர்ந்து 18 வெற்றிகள் பெற்ற பிரித்தானிய இளைஞர் அவர். 2008 செப்டெம்பரில் மன்செஸ்டரில், கொலம்பியாவின் பிரெய்டிஸ் பிரெஸ்கொட்டிடம் 54 விநாடிகளில் வீழ்ந்தார். அன்றிரவே அவருடைய கதை முடிந்தது என்று பலர் தீர்ப்பளித்துவிட்டார்கள்; ஓர் அடியும் தாங்காத கண்ணாடித் தாடை, வீண் ஆரவாரம் என்றெல்லாம் எழுதினார்கள். அவர் அமெரிக்கா சென்று பிரெடி ரோச்சிடம் பயிற்சி பெற்று, ஓராண்டுக்குள், 2009 ஜூலையில், அன்றியாஸ் கொடெல்னிக்கை வென்று உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். 2010 டிசெம்பரில் மார்கோஸ் மைதானாவுடனான போட்டியின் பத்தாம் சுற்றில் அந்தத் தாடைக்கு எத்தனை அடிகள் விழுந்தன என்பதையும், அவர் கால்கள் தள்ளாடியபடியே நின்று தப்பி இறுதியில் புள்ளிகளில் வென்றதையும் பார்த்தவர்கள், அவருடைய நெஞ்சுரத்தைக் குறைசொல்லமாட்டார்கள். தாடை பற்றிய சந்தேகம் பொய்யும் அல்ல. பின்னாளில் டனி கார்சியாவிடமும் கனெலோவிடமும் வீழ்ந்தது அதற்குச் சாட்சி. ஆனால் கையின் வேகம் பற்றிய புகழும் பொய்யல்ல. புகழ்ந்தவர்களும் பாதி சரி, இகழ்ந்தவர்களும் பாதி சரி என்பதுதான் அந்த மனிதரின் கதை.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு கூடைப்பந்துக்கும் உதைபந்துக்கும் பேர்போன ஊர். இங்கு விளையாட்டை வளர்த்த வெபர் அடிகளாரின் பெயர் ஒரு மைதானத்தோடு நிலைத்திருப்பதும் அதனாற்றான். குத்துச்சண்டைக்கு அப்படியொரு பாரம்பரியம் இங்கு இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று முதல் வாழைச்சேனை வரை தேடினாலும், இந்த இளைஞரின் எடையில், அவரை வருத்தக்கூடிய பயிற்சித் துணை கிடைப்பது கடினம். நாட்டின் வலுவான வீரர்கள் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்களிலும், கண்டி, கொழும்புப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். பாடசாலை மட்டத்தில் ஸ்டப்ஸ் கேடயப் போட்டியும், தேசிய மட்டத்தில் கிளிபர்ட் கிண்ணப் போட்டியும்தான் உரைகல். அந்த மேடைகளில் அவர் தொடர்ந்து ஏறினாற்றான் உங்கள் கட்டுரையாளருக்கும் வாசகருக்கும் இடையிலான வழக்குத் தீரும். அதற்கு இரவுப் புகையிரதச் செலவும், தங்குமிடமும், இரண்டு வேளை சாப்பாடும் வேண்டும். பாராட்டு விழாவில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கும் வீதி நெடுகக் கட்டிய பதாகைகளுக்கும் செலவான பணத்தில் இதைச் சில தடவைகள் செய்திருக்கலாம். விழா நடத்தியவர்களின் அன்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பதாகைகளைப் பார்த்துக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பையனுக்கு, ஒரு போட்டியிலும் தோற்றுவிடக் கூடாது என்ற பயம் வரும். அந்தப் பயம் வந்தவர் வலுவான எதிராளியைத் தேடிப் போகமாட்டார்.

புகழின் பாரம் வேறு வழிகளிலும் வெளிப்படும். எடைப் பிரிவுக்குள் இறங்குவதற்காகத் தண்ணீரை நிறுத்துவது, தசை வளர்க்கும் மா என்று டப்பாவில் விற்பதையெல்லாம் வாங்கிக் கரைத்துக் குடிப்பது போன்றவற்றை இந்த வயதினரிடம் நான் கண்டிருக்கிறேன். மஞ்சு வன்னியாராச்சி 2010 இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் வென்ற தங்கம், 1938 இல் சிட்னியில் பார்னி ஹென்ரிக்கஸ் வென்றதற்குப் பிறகு அந்த விழாவின் குத்துச்சண்டையில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். 72 ஆண்டுக் காத்திருப்பு. நண்ட்ரொலோன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் பரிசோதனையிற் கண்டறியப்பட்டதால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. எங்கள் பையன்கள் எதைக் குடிக்கிறார்கள் என்பதைப் பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் இப்போதே கவனிப்பது நல்லது.

தொழின்முறைக்கு அனுப்ப வேண்டும் என்ற யோசனையும் கட்டுரையின் கடைசியில் இருந்தது. பதினெட்டு வயதில், தேசிய மட்டத்தில் ஒரு முழுப் பருவமும் ஆடியிராத ஒருவருக்கு அது அவசரம் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

தங்கள் விளையாட்டுப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இந்த இளைஞரின் அடுத்த போட்டியைப் பற்றி எழுதும்போது, எதிராளியின் பெயரோடு அவர் எந்தக் கழகம், என்ன வயது, இதற்கு முன் எத்தனை போட்டி ஆடியவர் என்பதையும், போட்டி இடையில் முடிந்திருந்தால் நடுவர் அதை எந்தக் காரணத்துக்காக நிறுத்தினார் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். தோற்றாலும் அதே அளவு இடம் கொடுத்து, எந்தச் சுற்றில், எந்த அடியினால் என்று எழுதுங்கள். வலக்கை இறங்கியிருந்ததா என்பதையும் உங்கள் நிருபர் ஒரு வரியிற் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.